சோபாவுக்குத் தீ வைக்கிறவள்

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் டவுன் பஸ் ஏறும் எமில்டாவுக்குப் பக்கத்தில் யாரும் சட்டென்று உட்காருவதில்லை. நாற்பத்தாறு வயது, தாலிச் சங்கிலியில் சின்னச் சிலுவை, மடியில் சாப்பாட்டுப் பை. பார்த்தால் மாதா கோவில் பாட்டுக் குழுவில் இருப்பவள் போலத்தான் தெரிவாள். ஆனால் சேலையிலும் தலைமுடியிலும் சிகரெட் வாசம் அப்பிக் கிடக்கும். ஒருமுறை புதிதாக வந்த கண்டக்டர் பின்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அவளிடமே குனிந்து, "யக்கா, யாரும் சிகரெட்டு குடிக்கானுவளா?" என்று கேட்டான். "நான்தான் தம்பி" என்றாள். அவன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது சொல்வதில்லை.

அவள் வேலை சோபாவுக்குத் தீ வைப்பது.

திருநெல்வேலி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அந்த ஏற்றுமதிக் கம்பெனி இருக்கிறது. சோபா, குஷன் வைத்த நாற்காலி, கட்டில் தலைமாட்டு என்று செய்து, கண்டெய்னரில் ஏற்றி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள். அந்த நாட்டில் வீட்டு சோபாவுக்கென்றே சட்டம் உண்டு. சிகரெட் தவறி விழுந்தாலும், தீக்குச்சி பட்டாலும் சோபா பற்றிக்கொண்டு எரியக்கூடாது. அதைச் சோதித்துப் பார்த்து லேபிள் தைத்தால்தான் கடையில் வைக்கவே முடியும். பெரிய சோதனையெல்லாம் வேறு ஊரில் உள்ள சோதனைக் கூடத்தில் நடக்கும். ஆனால் கம்பெனிக்கு வரும் ஒவ்வொரு லாட் ஸ்பாஞ்சையும் துணியையும் தையலுக்கு அனுப்புவதற்கு முன் இங்கேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் எமில்டா.

பின்கட்டில் ஒரு சின்ன அறை. புகையை இழுக்கும் கூண்டு ஒன்று. அதற்குள் இரும்புச் சட்டத்தில் பொம்மை நாற்காலி மாதிரி ஒரு இருக்கையும் சாய்வும். அதில் ஸ்பாஞ்சை வைத்து, துணியை இழுத்துக் கட்டி, இருக்கையும் சாய்வும் சேரும் இடுக்கில் பில்டர் இல்லாத சிகரெட்டைப் பற்றவைத்து வைப்பாள். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கேஸ் குழாயில் சின்னச் சுடரை இருபது விநாடி காட்டி எடுப்பாள். இரண்டு நிமிஷத்துக்குள் நெருப்பு தானாக அணைந்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கத்தியால் ஸ்பாஞ்சை நடுவில் கிழித்து, உள்ளே கங்கு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரல் நுனியில் தோல் தடித்துப்போய், போனில் ரேகை பதியாது.

இந்த வேலைக்கு முதலில் ஆண்களைத்தான் போட்டிருந்தார்கள். சோதனைக்கென்று வாங்கிய சிகரெட்டில் பாதியை அவர்களே குடித்துவிட்டார்கள். மூன்று பேரை மாற்றிய பிறகு மேனேஜர் பாண்டியராஜன், "குடிக்காத ஆளா ஒரு லேடியப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். எமில்டா அப்போது பேக்கிங்கில் இருந்தாள். பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டு வருஷம் படித்து நிறுத்தியவள் என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது.

கணவன் மெல்வின் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடல், இரண்டு மூன்று மாதம் வீடு. மகள் இசபெல்லா நர்சிங் இரண்டாம் வருஷம். தூத்துக்குடி இனிகோ நகரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு ஆகும். குளித்து, உலை வைத்து, துணியை ஊறப்போட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். இப்படித்தான் அவள் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

போன வருஷம் அக்டோபர் கடைசியில் ஒரு லாட் ஸ்பாஞ்சு வந்தது. வெளிர்பச்சை நிறம். புது சப்ளையர். எமில்டா முதல் துண்டை வைத்துச் சுடர் காட்டினாள். இரண்டு நிமிஷம் கடந்தும் நெருப்பு சாய்வின் ஓரத்தில் நக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடிக்குத்தான் அணைந்தது. உதவிக்கு இருந்த முத்துச்செல்வியிடம் அடுத்த துண்டை எடுக்கச் சொன்னாள். அதுவும் அப்படியே.

பாண்டியராஜன் அறைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார். அவருக்குக் கப்பல் தேதிதான் கண்ணில் நின்றது.

"மேடம், வெள்ளிக்கிழமை கட்-ஆப். கண்டெய்னர் போர்ட்டுக்குள்ள போயிடணும். இன்னொரு தடவை பாருங்களேன். மழை ஈரத்துல ஏதாவது மாறியிருக்கலாம்."

"ஈரம் இருந்தா சீக்கிரம்லா சார் அணையணும்?"

"நாப்பது செகண்டு மேடம். வெறும் நாப்பது செகண்டு."

எமில்டா மூன்றாவது முறையும் பார்த்தாள். இரண்டு நிமிஷம் முப்பத்தைந்து. படிவத்தில் 'தேறவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். பாண்டியராஜன் அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தார். பிறகு எடுத்துக்கொண்டு போனார். கையெழுத்தை மாற்றிப் போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதற்காக எமில்டா அவரை எப்போதும் மதித்தாள்.

கண்டெய்னர் இல்லாமலே கப்பல் போய்விட்டது. கப்பல் அவசரத்தில் முடிவு வருமுன்பே தைத்து முடித்த நானூறு குஷனைப் பிரித்து, வேறு ஸ்பாஞ்சு வைத்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. நான்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வேலை. கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம். பூசைக்குப் போக முடியாத பெண்கள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாப்பாட்டு அறையில் ஒருத்தி அவள் காதில் விழும்படியே, "யாரோ வெள்ளக்காரன் வீட்டு சோபாவுக்கு நாம உசுர விடணும்" என்றாள். எமில்டாவுக்குப் பதில் இருந்தது. ஆனால் அவளும் அந்த நான்கு ஞாயிறும் வந்து பிரித்த குஷன்களை எண்ணிக் கட்டியவள்தான். வாயைத் திறக்கத் தெம்பில்லை. ரசச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் அந்தப் பச்சை ஸ்பாஞ்சு லாரியில் ஏறிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சப்ளையர் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்று முதலில் நினைத்தாள். கேட்டில் விசாரித்தபோது டவுனில் ஒரு சோபாக் கடைக்குப் போகிறது என்றார்கள். பாண்டியராஜனிடம் போய் நின்றாள்.

"சார், அது தேறாத சரக்கு."

"இங்கிலாந்துக்குத்தான் மேடம் தேறல. இங்க வீட்டு சோபாவுக்கு அப்படி யாரும் கேக்கறதில்ல. பில் போட்டு, உள்ளது உள்ளபடி எழுதித்தான் விக்கோம். தப்பு ஒண்ணும் இல்ல."

"நம்ம ஊரு ஆளுக வீட்டுக்குல்லா சார் போகுது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்குப் புரியுது. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றார்.

அன்று ராத்திரி மெல்வின் போனில் பேசினான். எங்கோ சூயஸ் பக்கம் கப்பல் நங்கூரத்தில் நின்றது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இங்கன நான் படுக்குத பங்க்ல இருக்க மெத்தைக்கும் லேபிள் இருக்கு, திரைச்சீலைக்கும் இருக்கு. நம்ம வீட்டு மெத்தைக்கு என்ன இருக்கு?" என்றான். சும்மா சொன்னதுதான். அவள் போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுச் செல்வராணி வீட்டில் புது சோபா வந்து இறங்கியது. செல்வராணி எமில்டாவைவிட ஐந்து வயது மூத்தவள். மகளுக்குப் பொங்கல் கழித்து நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார வேண்டுமே என்று மூன்று பேர் உட்காரும் சோபா. காப்பிப்பொடி நிறத்தில் கெட்டிப் பருத்தித் துணி. தெருவே வந்து உட்கார்ந்து பார்த்தது. எமில்டாவும் போனாள். உட்கார்ந்ததும் அவள் கை தன்னால் இடுக்கைத் தடவியது. செல்வராணியின் அப்பா பவுல் ஓரத்தில் சாய்ந்திருந்தார். எண்பது வயது. தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். வாயில் பீடி.

"பவுல் மாமா இதுல படுத்துக்கிட்டா பீடி குடிக்காவ?" என்று செல்வராணியிடம் கேட்டாள்.

"வேற எங்கன படுப்பாவ? கட்டில் இறக்கமா இருக்கு, எந்திரிக்க முடியலங்காவ. இதுதான் அவுகளுக்குச் சொகமா இருக்காம்."

"யக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய. எங்க கம்பெனியில கழிச்சுப் போட்ட ஸ்பாஞ்சு டவுன்ல ஒரு கடைக்கு வந்திருக்கு. நீங்க எந்தக் கடையில வாங்குனிய?"

செல்வராணியின் முகம் மாறியது. "அய்யாக்குட்டி அண்ணாச்சி கடையில. ஏன்? புதுசா ஒரு சாமான் வாங்குனா அதுல ஒரு நொட்டை சொல்லாட்டா உனக்குத் தூக்கம் வராதோ? கழிச்சுப் போட்டதையா என் மவளுக்கு வாங்கியிருக்கேன்?"

"அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொன்ன?"

எமில்டா எழுந்து வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டு அய்யாக்குட்டியின் கடைக்குப் போனாள். மெயின் பஜாருக்குப் பின்னால் நீளமான கடை. முன்னால் சோபாக்கள், பின்னால் ஆட்கள் ஸ்பாஞ்சு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அய்யாக்குட்டி அறுபதை நெருங்கியவர். நெற்றியில் திருநீறு, தோளில் இஞ்சு டேப்பு. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"பச்சை ஸ்பாஞ்சு இன்னும் கட்டே பிரிக்கலம்மா. அந்தா மூலையில கிடக்கு. நீங்க சொல்லுத வீட்டுக்குப் போனது நான் எப்பவும் வாங்குத வெள்ளை ஸ்பாஞ்சு."

எமில்டாவுக்கு மூச்சு வந்தது. "அப்போ சரி அண்ணாச்சி."

"என்ன சரி?" என்றார் அவர். "பச்சை பத்திக்கிடும்னா வெள்ளை பத்திக்கிடாதா? இருபத்தஞ்சு வருசமா விக்கேன். யாரும் தீ வச்சுப் பாத்ததில்ல. நீங்க பாப்பியளா?"

இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், முத்துச்செல்வியைத் துணைக்கு வைத்துக்கொண்டு எமில்டா இரண்டையும் கூண்டில் வைத்தாள். பச்சை, எப்போதும் போல இரண்டு நிமிஷம் முப்பத்தெட்டில் அணைந்தது. வெள்ளைக்குச் சுடரைக் காட்டிய இருபது விநாடிக்குள்ளேயே சாய்வு முழுக்க நெருப்பு ஏறிவிட்டது. ஸ்பாஞ்சு உருகிச் சொட்டியது. சொட்டிய ஒவ்வொரு துளியும் தரையில் விழுந்து எரிந்தது. கரும்புகையைக் கூண்டின் காற்றாடியால் இழுக்க முடியவில்லை. முத்துச்செல்வி அலறிக்கொண்டு தீயணைப்பானை எடுத்து அடித்தாள். அறை பூராவும் வெள்ளைத் தூள் படிந்தது.

"யக்கா, எங்க வீட்டு சோபாவும் இதானா?" என்று முத்துச்செல்வி கேட்டாள்.

"எங்க வீட்டுதும் இதுதான்" என்றாள் எமில்டா.

தான் கழித்துப் போட்ட சரக்குதான் கடையில் கிடப்பதில் நல்ல சரக்கு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினோரு வருஷம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற வீடுகளுக்காகச் சிகரெட்டைப் பற்றவைத்திருக்கிறாள். பஸ் போகிற வழியில் இருக்கிற ஒரு வீட்டைக் கூட நினைத்ததில்லை. தரையைக் கூட்டி அள்ளிவிட்டு, மதியம் வைக்க வேண்டிய சிகரெட்டை எடுத்து வைத்தாள். செல்வராணியிடம் மறுபடியும் போய்ச் சொன்னால் அதையும் நொட்டை என்றுதான் எடுத்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. மதியம் இரண்டு மணி. மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு எமில்டா தரையில் பாயைப் போட்டுச் சாய்ந்திருந்தாள். கண் சொருகுகிற நேரத்தில் ஒரு வாசம் வந்தது. பருத்தித் துணி கருகுகிற வாசம், அதற்கு அடியில் லேசாகக் கசப்பாக, தொண்டையில் ஒட்டுகிற இன்னொன்று. வேறு யாருக்காவது அது குப்பை எரிகிற வாசமாகப் பட்டிருக்கும். அவள் எழுந்து தெருவைக் கடந்தாள்.

செல்வராணி குசினியிலிருந்து சொம்போடு வந்துகொண்டிருந்தாள். சோபாவின் இடுக்குப் பக்கம் துணியில் ரூபாய்க் காசளவு கருப்பு ஓட்டை. சுற்றிலும் தண்ணீர். பவுல் மாமா நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல, அப்பா பீடிய வச்சிக்கிட்டே கண் அசந்துட்டாவ. தண்ணி ஊத்தியாச்சு" என்றாள் செல்வராணி. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். அவள் கண்ணெல்லாம் அந்த ஓட்டையின் மேல்தான் இருந்தது. "இதுக்கு மேல ஒரு துண்டு விரிச்சா தெரியாதுல்லா?"

எமில்டா மண்டி போட்டுக் கையை ஸ்பாஞ்சின் மேல் வைத்தாள். ஈரம். கொஞ்சம் தள்ளி, இடுக்குக்கு உள்ளே அழுத்தினாள். சூடு இருந்தது.

"யக்கா, இது அணையல. ஒரு கத்தி கொடுங்க, கிழிச்சு உள்ள தண்ணி விடணும்."

"கிழிக்கதா! மாப்பிள வீட்டுக்காரவ வாரதுக்கு ஒரு வாரம்தான் இருக்கு. நீ முதல்ல எந்திரி."

"உள்ள கங்கு இருக்குக்கா. ஒரு மணி நேரம் கூட உள்ளயே ஓடும். அதுக்கு அப்புறம்தான் பிடிக்கும்."

"தண்ணி ஊத்துன நெருப்பு எங்கன ஓடும்? உன் கம்பெனிக் கதைய எல்லாம் இங்கன கொண்டாராத."

சத்தம் கேட்டு இசபெல்லா வந்துவிட்டாள். எமில்டாவுக்குச் சண்டை போடப் பிடிக்கவில்லை. சண்டை போடுகிற சக்தி அவளிடம் எப்போதோ தீர்ந்திருந்தது. ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. மண்டி போட்டபடியே சொன்னாள்.

"கிழிக்க வேண்டாம். வெளிய போட்டுருவோம். ஒரே ஒரு மணி நேரம் தெருவுல கிடக்கட்டும். ஒண்ணும் ஆவலன்னா நானே தூக்கி உள்ள வச்சுட்டு, உங்க வீட்டுப் பக்கமே வரல."

செல்வராணி என்ன நினைத்தாளோ, "வச்சுக்கோ உன் ஒரு மணி நேரத்த" என்று சொம்பை டங்கென்று வைத்தாள்.

எமில்டா, இசபெல்லா, செல்வராணியின் மகள் மூன்று பேரும் இழுத்தார்கள். வாசல்நிலையில் சோபா மாட்டிக்கொண்டது. நட்டமாக நிறுத்தி, காலைத் திருப்பி, நிலைச் சுவரில் சுண்ணாம்பு பெயர இழுத்துத் தெருவில் போட்டார்கள். எமில்டா தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு குடம் தண்ணீரும் கொண்டுவந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து போனில் நேரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபத்தைந்து.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வந்து பார்த்தார்கள். வலைக் கம்பெனியில் வேலை செய்யும் ஜோன்ஸ் பைக்கை நிறுத்தி, "என்ன மைனி, சோபாவுக்கு வெயில் காட்டுதியளா?" என்றான். சிரிப்பு எழுந்தது. கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆனது. ஒன்றும் இல்லை. ஓட்டையிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழும், கடல்காற்றில் கலைந்துவிடும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எமில்டாவுக்குத் தெரிந்தது. தினமும் பார்ப்பதுதானே. செல்வராணி வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதையைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள் குரல் உயர்ந்தது.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஜோன்ஸ் போய் சோபாவின் மறு ஓரத்தில் உட்காரப் போனான். "உக்காராதடா" என்று எமில்டா கத்தினாள். அவள் கத்தி அந்தத் தெரு கேட்டதே இல்லை. அவன் நின்றுவிட்டான்.

மூன்று மணி. வெயில் கண்ணில் குத்தியது. அவளுக்கே சந்தேகம் வந்தது. சூடு என்று கை நினைத்ததோ? பதினோரு வருஷம் நெருப்பைத் தொட்டுத் தொட்டு மரத்துப்போன விரல் அது. பிடிக்காமல் போனால் நல்லதுதான், மாதாவே, எனக்கு அவமானம் வந்தால் வரட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். இசபெல்லா பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, "அம்மா, உள்ள வாங்க" என்றாள். எமில்டா வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

மூன்று பதினொன்றுக்குப் புகை நிறம் மாறியது. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகித் தடித்தது. "எல்லாரும் தள்ளிப் போங்க" என்று எமில்டா எழுந்தாள். சொல்லி வாயை மூடுவதற்குள் இடுக்கிலிருந்து நாக்கு நீட்டியதைப் போல நெருப்பு வந்தது. அப்புறம் எதையும் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. மூன்று பேர் உட்காரும் சோபா முழுக்க ஒரே நெருப்பு. கரும்புகை வீட்டு முகப்பை மறைத்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் ஊற்றாததும் ஒன்றுதான். எதிர்ச்சுவரில் சாத்தியிருந்த ஜோன்ஸின் பைக் சீட் வெப்பத்தில் கொப்பளித்தது. யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் மரச்சட்டமும் ஸ்பிரிங்கும்தான் மிச்சம் இருந்தது. வந்தவர்கள் தண்ணீர் அடித்து, காரணம் 'பீடி நெருப்பு' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

செல்வராணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் எரிந்து முடிந்ததை அவள் பார்த்திருந்தாள். அந்த முன்னறைக்கு ஒரே ஜன்னல். சோபா உள்ளேயே கிடந்திருந்தால், மதியத் தூக்கத்துக்குப் பவுல் மாமா அதற்கே திரும்பியிருப்பார். அவளும் மகளும் உள்ளறையில் படுத்திருப்பார்கள். வெளியே வர அந்த முன்னறையைத்தான் தாண்ட வேண்டும்.

"எமில்டா" என்றாள்.

எமில்டா காலிக் குடங்களை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போய்ப் பாயில் படுத்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. இசபெல்லா இரண்டு முறை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

நிச்சயதார்த்தம் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் நினைக்கவில்லை. பவுல் மாமா பீடியை விடவில்லை. ஆனால் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் குடிக்கிறார். அந்த வாரத்திலிருந்து தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எமில்டா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எங்க சோபாவைப் பாரு, எங்க மெத்தையைப் பாரு. பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் ஒன்றுதான் என்று எத்தனை பேரிடம் சொல்வது? கொசுவர்த்தியைத் தள்ளி வையுங்கள், படுத்துக்கொண்டு பீடி குடிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றினாலும் கிழித்துப் பாருங்கள், இல்லையென்றால் வெளியே தூக்கிப் போடுங்கள். இந்த நாலு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தன் வீட்டு சோபாவை அவள் கிழித்து, சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே பனையோலைப் பாயைப் போட்டாள். உட்கார்ந்தால் முதுகு வலிக்கும்.

பிப்ரவரியில் இன்னொரு லாட் தேறவில்லை. இந்த முறை பாண்டியராஜன் அவளைக் கூப்பிட்டு, "கவலைப்படாதீங்க மேடம். இனிமே லோக்கலுக்கு விக்க வேண்டாம்னு நானே எழுதிட்டேன். சப்ளையருக்கே திருப்பி அனுப்பிருவோம்" என்றார். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்.

"வேண்டாம் சார். அத அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கே கொடுங்க."

அவர் விழித்தார். "நீங்கதான விக்கக் கூடாதுன்னு சண்டைக்கு வந்தீங்க?"

"அப்ப எனக்குத் தெரியாது சார். இதுவும் நாப்பது செகண்டுலதான் தோத்திருக்கு. கடையில இருக்கது தீக்கு முன்னால நிக்கவே நிக்காது. இதுல செஞ்சதுன்னு சொல்லியே விக்கட்டும். அப்புறம், சோபாவுல துணிக்குக் கீழ வைக்கோம்லா, அந்தத் தீப்பிடிக்காத இன்டர்லைனர் துணி, ரோல் முடியுத துண்டெல்லாம் குப்பைக்குப் போவுது. அதையும் கொடுத்தியன்னா நல்லது."

அதற்கு மேலிடத்துக் கையெழுத்து வேண்டும் என்றார். எமில்டா எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. திரும்ப எழுதினாள். மூன்றாவது கடிதத்துக்கு ஏப்ரல் கடைசியில் சரி என்று வந்தது.

அய்யாக்குட்டி துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, கேட்கிறவர்களுக்கு ஸ்பாஞ்சின் மேல் சுற்றிக் கொடுக்கிறார். கேட்கிறவர்கள் குறைவு. "பத்துப் பேர்கிட்ட சொன்னா மூணு பேரு சரிங்கான். மத்தவன், எங்க வீட்டுல யாரும் பீடி குடிக்கதில்லங்கான். விளக்கு ஏத்தாத வீடு இருக்கா, கொசுவர்த்தி வைக்காத வீடு இருக்கா? நானும் சொல்லிப் பாக்கேன்" என்று எமில்டாவிடம் அலுத்துக்கொண்டார். மூன்று பேரா என்று நினைத்தாள். அவள் எதிர்பார்த்ததைவிட அது அதிகம்.

மே மாதம் கல்யாணத்துக்குச் சீர் சாமான் எடுக்கச் செல்வராணி வந்து எமில்டாவைக் கூப்பிட்டாள். அந்தச் சோபாவைப் பற்றி இருவரும் அன்றைக்கு வரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. "கிளம்புளா, மவளுக்கு சோபா எடுக்கணும். நீ வராம எடுக்க மாட்டேன்" என்றாள். வாரத்தில் ஒரே நாள் லீவு. முடியாது என்று சொல்லத்தான் எமில்டா வாயெடுத்தாள். செல்வராணி நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் அம்மாவும் மகளும் நிறத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடினார்கள். எமில்டா காற்றாடிக்குக் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள், சுவரில் சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள். அய்யாக்குட்டி பெரிய கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, அளவைக் குறைந்த குரலில் சொன்னார்.

செல்வராணி வந்து எழுப்பினாள். "மெரூன் கலர் சொல்லியாச்சு. நல்லாருக்குல்லா?"

எமில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியைப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். "அந்த உள்துணி சொன்னியளா?"

"முதல்லயே அதத்தான் சொன்னேன்" என்றாள் செல்வராணி. "வா, ஒரு சர்பத்து குடிச்சிட்டுப் போவோம்."